புதுப்பிப்பு: தி க்யூர் ஆல்பம் இப்போது பிடித்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 16 வருடம் கழித்து 2024-ல் இங்கிலாந்து ராக் இசைக்குழுவான தி க்யூர் கொண்டுவந்த புது ஆல்பம் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' மனதில் ஒட்டவில்லை, எப்படிக் கேட்பது என்று கேட்டிருந்தேன்.

வரிகளை முதலில் படிக்கும் யோசனை எனக்கு உதவவில்லை. ஷஃபிளை அணைத்துவிட்டு எட்டுப் பாட்டையும் வரிசையாகக் கேட்கச் சொன்னீர்களே, அதுதான் பலித்தது. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்தேன். மொத்தமே 49 நிமிடம்தான். முதல் பாட்டில் குரல் வரவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். தனியாகக் கேட்டபோது இழுவையாக இருந்த அந்த இசை, இப்போது ஆல்பத்துக்கே வாசலாகத் தெரிந்தது.

எதிர்பாராதது ஒன்று: குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித், இறந்துபோன தன் அண்ணனுக்காக எழுதிய ஆறாவது பாட்டு. எளிய பியானோ மெட்டுதான். சேப்பாக்கம் வருவதற்குள் கண் கலங்கிவிட்டது. அதற்கு முந்தைய பாட்டு மட்டும் இன்னும் எனக்கு இரைச்சல்தான்.