சர்வைவல் கேமில் தாகக் கணக்கு இடிக்குது, யோசனை சொல்லுங்க

கோடாட் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்கிற கேம். களம், கோடையில் ஆளில்லாத ஒரு செட்டிநாட்டு ஊர்: பூட்டிக் கிடக்கும் வீடுகள், பாதி வற்றிய ஊருணி.

நிஜத்தில் 1 நிமிடம், கேமில் 1 மணி. தாகக் கணக்கு 100 புள்ளியில் தொடங்கும், குறையக் குறையத் தாகம் கூடும். நிழலில் மணிக்கு 5 குறையும். 11 முதல் 3 வரை வெயிலில் 15. ஊருணிக்குப் போய்வர 4 நிமிடம், அதற்கே 60 காலி. கொதிக்கவைக்க 3 நிமிடம், இன்னொரு 15. ஒரு சொம்புக்கு 25 ஏறும், குடத்துக்கு 4 சொம்பு. ஆக, குடம் சுமந்ததில் மிச்சம் ஒரே சொம்பு! ஆட்டக்காரர் தண்ணி வண்டியாகிவிடுகிறார், ஒரு அறையையும் திறந்து பார்ப்பதில்லை.

வெயிலை 8 ஆக்கினால் திண்ணை நிழலை யாரும் தேடுவதில்லை. கொதிக்கவைப்பதைத் தூக்கினால் விறகுக்கு வேலையில்லை. வால்ஹைம் என்ற சர்வைவல் கேமில் பசி கொல்லாது, சாப்பிட்டால் உயிரும் ஸ்டாமினாவும் கூடும். பஞ்சக் கதையில் தண்ணீரை அப்படி வைத்தால் சப்பென்று இருக்கும்.

இப்போதைய யோசனை: ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடிப்பது, ஒரு மழைக்கு 12 சொம்பு. மழையை ராண்டமாக விடலாமா, 3 நாளுக்கொருமுறை கட்டாயம் பெய்யவைக்கலாமா? இதுபோலச் செய்தவர்கள் உங்கள் எண்களோடு சொல்லுங்க.