லினக்ஸில் அஃபினிட்டி ஃபோட்டோ 2: தொடக்கப் படம் தோன்றியதும் மூடிக்கொள்கிறது. உதவி தேவை

நிழற்பெட்டி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என் கணினியில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ7 6700. விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை ஒதுக்கிவைக்க மனம் வராததால் லினக்ஸ் மின்ட் 22க்கு மாறிவிட்டேன். உலாவி, மின்னஞ்சல், ஆவணங்கள் எதிலும் குறையில்லை. இடிக்கும் இடம் ஒன்றுதான்: படத் திருத்தம்.

அஃபினிட்டி ஃபோட்டோ 2க்கு முறைப்படி பணம் கட்டி உரிமம் வைத்திருக்கிறேன். என் பழைய வேலைகள் எல்லாம் அதன் சொந்தக் கோப்பு வடிவத்தில்தான் இருக்கின்றன. அந்த வடிவத்தை அஃபினிட்டி அல்லாத வேறு எந்த நிரலும் திறப்பதில்லை என்பதால் லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும், கிரிட்டா போதும் என்று சொல்லிக் கடந்துபோக முடியவில்லை.

இதுவரை செய்தது: விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்ற நிரலின் 9.0 பதிப்பை மின்ட் களஞ்சியத்திலிருந்து நிறுவினேன். புதிய பிரிஃபிக்ஸ் (வைன் தனக்கான விண்டோஸ் கோப்புகளை வைக்கும் கோப்புறை) ஒன்றை உருவாக்கி, வைனுக்குத் துணைக்கூறுகளைச் சேர்க்கும் வைன்ட்ரிக்ஸ் மூலம் டாட்நெட் 4.8 (பல விண்டோஸ் நிரல்களுக்குத் தேவையான மைக்ரோசாஃப்ட் தளம்), அடிப்படை எழுத்துருக்கள் இரண்டையும் சேர்த்தேன். விண்டோஸ் பதிப்பை 11 என்று மாற்றினேன். நிறுவி எந்தப் புகாரும் இல்லாமல் முடிந்தது. நிரலைத் திறந்தால் தொடக்கப் படம் வருகிறது, சில நொடிகள் நிற்கிறது, பிறகு சத்தமே இல்லாமல் மறைந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. நினைவகம் 16 ஜிபி, வரைகலை அட்டை ரேடியான் ஆர்எக்ஸ் 580.

எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முனையன் எழுதியது:

தேவையான விவரங்களைத் தந்திருக்கிறீர்கள் நண்பரே, வேலை சுலபம். முதலில் ஒரு வேண்டுகோள். காணொளி பார்த்துப் புதிது புதிதாக வைன் பதிப்புகளை மாற்றிப் பார்க்காதீர்கள். இந்த நிரல் எதையோ எதிர்பார்த்து, அது கிடைக்காமல் நிற்கிறது. அது என்ன என்பதைப் பதிவு சொல்லிவிடும்.

பட்டியலில் உள்ள படவுருவைச் சொடுக்காமல், முனையத்தைத் திறந்து அங்கிருந்து நிரலை ஓட்டுங்கள். வெளிவருவதை ஓர் உரைக் கோப்பில் சேமியுங்கள். வரிவரியாக "ஃபிக்ஸ்மீ" என்று வந்து குவியும், பயப்பட வேண்டாம். இந்தச் செயல்பாட்டை வைன் இன்னும் முழுமையாக எழுதவில்லை என்பதற்கான குறிப்புகள் அவை. நன்றாக ஓடும் நிரல்களிலும் அவை வரும். நீங்கள் பார்க்க வேண்டியது "எர்ர்" என்று தொடங்கும் வரிகளையும், மூடுவதற்குச் சற்று முன் வரும் "கையாளப்படாத விதிவிலக்கு" பகுதியையும்தான். அதை மட்டும் இங்கே போடுங்கள்.

வரைகலை அட்டையோடு நிரல்கள் பேசும் வழியான வல்கன் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வல்கன்இன்ஃபோ கட்டளை உங்கள் ரேடியான் அட்டையின் பெயரைக் காட்ட வேண்டும். அதற்குப் பதில் "எல்எல்விஎம்பைப்" என்று மட்டும் காட்டினால், படம் வரையும் சுமை முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது என்று பொருள். அப்படியானால் முதலில் வரைகலை அட்டைக்கான மெசா இயக்கியைச் சரிசெய்ய வேண்டும்.

நிழற்பெட்டி எழுதியது:

மிக்க நன்றி. வல்கன்இன்ஃபோ ஆர்எக்ஸ் 580ஐச் சரியாகக் காட்டுகிறது, வல்கன் 1.3 ஆதரவும் இருக்கிறது. பதிவில் ஃபிக்ஸ்மீ வரிகளை நீக்கிய பிறகு மிஞ்சியது இதுதான்: டாட்நெட் விதிவிலக்கு ஒன்று, "விண்டோஸ்.ஃபவுண்டேஷன்" என்று தொடங்கும் ஒரு வகையை ஏற்ற முடியவில்லை என்கிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

முனையன் எழுதியது:

கண்டுபிடித்துவிட்டோம். அஃபினிட்டியின் விண்டோஸ் பதிப்பு தன் இடைமுகத்தை டாட்நெட்டில் கட்டியிருக்கிறது. அதோடு, விண்டோஸின் புதிய நிரல்களுக்கான வின்ஆர்டி என்ற அடுக்கையும் தொடுகிறது. அந்த அடுக்கில் என்னென்ன வகைகள் உண்டு என்ற விவரணைகள், அசல் விண்டோஸில் சிஸ்டம்32 கோப்புறைக்குள் வின்மெட்டாடேட்டா என்ற கோப்புறையில் இருக்கும். உங்களிடம் உள்ள வைன் 9.0 அவற்றைத் தருவதில்லை. டாட்நெட் அங்கே தேடுகிறது, கிடைக்கவில்லை, நிரல் விழுகிறது.

உங்கள் பழைய விண்டோஸ் 10 பிரிவு வட்டில் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அங்கிருந்து வின்மெட்டாடேட்டா கோப்புறையை அப்படியே எடுத்து, உங்கள் பிரிஃபிக்ஸில் டிரைவ்_சி, விண்டோஸ், சிஸ்டம்32 என்ற பாதையில் ஒட்டுங்கள்.

இரண்டாவது காரியம். அந்த இடைமுகம் டாட்நெட்டின் சாளரம் வரையும் பகுதியான டபிள்யூபிஎஃப் வழியாக, விண்டோஸின் வரைகலை முறையான டைரக்ட்3டி 9ஐப் பயன்படுத்துகிறது. வைன் அதை இயல்பாக ஓப்பன்ஜிஎல் என்ற மற்றொரு வரைகலை முறைக்கு மாற்றி வரைகிறது. அந்தப் பாதையில் பலகங்கள் கறுப்பாகத் தோன்றுவதுண்டு. வைன்ட்ரிக்ஸில் ரெண்டரர் என்ற அமைப்பை வல்கன் என்று மாற்றுங்கள்.

இவ்வளவு செய்தும் தொடக்கப் படத்திலேயே நின்றால், களஞ்சியத்து வைன் 9.0 போதவில்லை என்று முடிவுசெய்யலாம். அது 2024 ஜனவரியில் வந்தது. அஃபினிட்டிக்காகவே திருத்தங்கள் சேர்த்த தனி வைன் கட்டுமானத்தை ஆர்வலர்கள் பராமரிக்கிறார்கள். அதை உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் தனியாக வைத்து ஓட்டலாம், கணினியில் உள்ள வைனைத் தொட வேண்டியதில்லை.

வண்ணத்தாள் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஏறக்குறைய இதே சிக்கல், ஆனால் வைனை நிர்வகிக்கும் பாட்டில்ஸ் என்ற நிரல் வழியாக. நிரல் திறக்கிறது. "கோப்பைத் திற" என்றால் என் படங்கள் இருக்கும் இரண்டாவது வட்டே தெரிவதில்லை. அந்த வட்டு மின்ட்டின் கோப்பு மேலாளரில் நன்றாகத் தெரிகிறது.

முனையன் எழுதியது:

வண்ணத்தாள், நீங்கள் பாட்டில்ஸை ஃபிளாட்பேக் என்ற பொதி வடிவில் நிறுவியிருப்பீர்கள். ஃபிளாட்பேக் நிரல்கள் வேலிக்குள் ஓடுகின்றன, அனுமதி தந்த கோப்புறைகள் மட்டுமே அவற்றின் கண்ணுக்குத் தெரியும். ஃபிளாட்சீல் என்ற சிறு நிரலை நிறுவி, பாட்டில்ஸைத் தேர்ந்தெடுத்து, கோப்பு முறைமைப் பகுதியில் உங்கள் வட்டு இணைந்திருக்கும் பாதையைச் சேருங்கள். பாட்டில்ஸை முழுவதுமாக மூடித் திறந்தால்தான் மாற்றம் நடப்புக்கு வரும்.

அடுத்து, வைன் அமைப்புகளில் டிரைவ்ஸ் என்ற தாவலில் அந்தப் பாதைக்கு ஓர் எழுத்து கொடுத்துவிடுங்கள். பி என்று வைத்தால் படங்கள் என்று நினைவிருக்கும். ஒவ்வொரு முறையும் லினக்ஸ் கோப்புகளைக் காட்டும் இசட் டிரைவில் தொடங்கி ஆழத்திற்கு இறங்கிப் போக வேண்டிய தொல்லை இராது.

நிழற்பெட்டி எழுதியது:

திறந்துவிட்டது! வின்மெட்டாடேட்டா கோப்புறையை நகலெடுத்ததும் தொடக்கப் படம் கடந்தது, ஆனால் பலகங்கள் பாதி கறுப்பு. ரெண்டரரை வல்கன் ஆக்கியதும் அதுவும் தெளிந்தது. உரிமத்தைப் பதிவுசெய்துவிட்டேன், பழைய கோப்புகள் அடுக்குகளோடும் மாஸ்க்குகளோடும் அப்படியே திறக்கின்றன. முனையன் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு குறைகள். பெரிய படத்தில் இரைச்சல் நீக்கும் வடிப்பானைப் பயன்படுத்தினால் சில நேரம் நிரல் உறைகிறது. வரைபலகையில் பேனா அழுத்தமும் பதிவாகவில்லை, தூரிகை ஒரே தடிமனில் இழுக்கிறது. அதே பேனா கிரிட்டாவில் அருமையாக வேலை செய்கிறது.

ஒளிமானி எழுதியது:

உறைவதற்கு நான் முதலில், கணக்கீடுகளை வரைகலை அட்டையிடம் ஒப்படைக்கும் ஓப்பன்சிஎல்லைத்தான் சந்தேகிப்பேன். அமைப்புகளில் செயல்திறன் பகுதிக்குப் போய், ஓப்பன்சிஎல் முடுக்கத்தை அணைத்துவிடுங்கள். வடிப்பான்கள் கொஞ்சம் மெதுவாகும். வேலைக்கு நடுவே நிரல் உறைந்து, சேமிக்காத திருத்தங்கள் போவதைவிட அது எவ்வளவோ மேல். உங்கள் அட்டைக்கு ஓப்பன்சிஎல் இயக்கியை லினக்ஸ் பக்கம் தனியாக அமைக்க வேண்டும். நிரல் நிலையாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு வேண்டுமானால் அதில் இறங்குங்கள்.

பேனாவுக்கு: கருவிகள் பகுதியில் வரைபலகை உள்ளீட்டு முறை என்று ஒரு தெரிவு இருக்கும். அது விண்டோஸ் இங்க் என்று இருந்தால் மாற்றுங்கள். வைன் பல ஆண்டுகளாக நன்கு கையாள்வது வின்டேப் என்ற பழைய முறையைத்தான். மாற்றிய பின் நிரலை மூடித் திறக்க வேண்டும். வரைபலகையை நிரல் திறப்பதற்கு முன்பே செருகி வைப்பதும் நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் எனக்கு இதில் அக்கறை உண்டு. வண்ணங்களைச் சரிபார்க்காமல் அச்சுக்கு எதையும் அனுப்பாதீர்கள். உங்கள் திரையின் ஐசிசி விவரக்கோப்பு (திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்ற குறிப்பு) லினக்ஸில் கலர்டி என்ற நிறச் சேவை வழியாக ஏற்றப்படுகிறது. கேமராவின் மூலக் கோப்புகளான ரா படங்களைத் திருத்தும் டார்க்டேபிள் என்ற லினக்ஸ் நிரலோடு டார்க்டேபிள் சிஎம்எஸ்டெஸ்ட் என்ற சிறு கருவி வருகிறது. விவரக்கோப்பு உண்மையிலேயே திரையில் ஏறியிருக்கிறதா என்பதை அது சொல்லும். பிறகு ஒரே டிஃப் படத்தை டார்க்டேபிளிலும் அஃபினிட்டியிலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, தோல் நிறத்தையும் சாம்பல் பகுதியையும் ஒப்பிடுங்கள். சாம்பல் ஒன்றில் பச்சை சாய்ந்தும் மற்றொன்றில் நடுநிலையாகவும் தெரிந்தால், வைனுக்குள் ஓடும் நிரல் உங்கள் விவரக்கோப்பைப் பயன்படுத்தவில்லை. அந்த நிலையில் இறுதி நிறத் திருத்தத்தை லினக்ஸ் நிரலிலேயே முடிப்பதுதான் பாதுகாப்பு.

தூரிகை எழுதியது:

சந்தா முறையில் வரும் ஃபோட்டோஷாப்புக்கும் இதே வழி பொருந்துமா? வேலைக்கு எனக்கு அதுதான் கட்டாயம்.

முனையன் எழுதியது:

நேர்மையாகச் சொல்கிறேன்: அதை வைனில் நம்பித் தொழில் செய்யச் சொல்ல மாட்டேன். நிரலைவிட அதன் நிறுவியும் கணக்கில் நுழையும் பகுதியும்தான் அதிகம் தடுமாறுகின்றன. அவை விண்டோஸின் உள்ளமைந்த உலாவிக் கூறுகளைச் சார்ந்தவை, வைன் அவற்றுக்கு வைத்திருப்பது மாற்று ஏற்பாடு. ஒரு மேம்படுத்தல் வந்தால் நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகலாம். கெடு நெருங்கும் நாளில் அந்த நிலை வரக்கூடாது.

2012இல் வந்த, சந்தா இல்லாத ஃபோட்டோஷாப் சிஎஸ்6 உரிமம் உங்களிடம் இருந்தால் அது வேறு கதை. வைனில் நன்றாகவே ஓடும். திரை மினுங்கினால் வரைகலைச் செயலியைப் பயன்படுத்தும் தெரிவை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ரா கோப்புகளைத் திறக்கும் அதன் கேமரா ரா என்ற கூறு 9.1.1 பதிப்போடு நின்றுவிட்டது. புதிய கேமராக்களின் ரா கோப்புகளை முதலில் அடோபியின் பொதுவான ரா வடிவமான டிஎன்ஜியாக மாற்றினால்தான் திறக்கும்.

சந்தாப் பதிப்பு கட்டாயம் என்றால் லினக்ஸில் உள்ள கேவிஎம் வசதியால் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதற்குள் அசல் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நினைவகம் தாராளமாக வேண்டும். ஃபோட்டோஷாப் கேட்கும் குறைந்த அளவே 8 ஜிபி. மொத்தம் 16 இருந்தால் இரண்டு பக்கமும் நெருக்கடிதான், 32 இருந்தால் நிம்மதி. வரைகலை முடுக்கம் வேண்டுமானால் இரண்டாவது அட்டை ஒன்றை முழுவதுமாக மெய்நிகர் கணினிக்கே கொடுக்க வேண்டும். அதற்கு பயாஸ் அமைப்பில் ஐஓஎம்எம்யூ (சாதனத்தை மெய்நிகர் கணினிக்கு நேரடியாகக் கொடுக்க உதவும் வசதி) இயக்கப்பட்டிருக்க வேண்டும். இன்டெலில் அது விடி-டி என்ற பெயரில் இருக்கும்.

வின்ஆப்ஸ் என்ற ஏற்பாடு மெய்நிகர் விண்டோஸில் ஓடும் நிரலை லினக்ஸ் சாளரம் போலவே காட்டும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது தொலைமேசை நெறிமுறை வழியே வருவதால் தூரிகை கைக்குப் பின்னால் நகரும். விண்டோஸ் ஹோம் பதிப்பு அந்த இணைப்பை ஏற்காது, புரோ வேண்டும். பதாகையில் எழுத்தை மாற்றுவதற்கு அது போதும், முகத்தில் நுணுக்கமாகத் தூரிகை ஓட்டுவதற்குப் போதாது.

தூரிகை எழுதியது:

புரிந்தது. இரண்டாவது வட்டில் விண்டோஸை அப்படியே விட்டுவைத்து, ஃபோட்டோஷாப் வேலைக்கு மட்டும் அதைத் தொடங்குவது எனக்குச் சரியாக வரும் போலிருக்கிறது. வாடிக்கையாளர் வேலையில் சோதனை செய்துபார்க்க எனக்கு இடமில்லை.

ஒளிமானி எழுதியது:

உங்கள் நிலையில் அதுதான் சரி, தூரிகை. ரா கோப்புகளை வரிசைப்படுத்துவது, ஒளியளவைத் திருத்துவது போன்ற முதல் கட்ட வேலைகளை மட்டும் டார்க்டேபிளுக்குக் கொண்டுவந்து பழகுங்கள். நீங்கள் அடோபியின் லைட்ரூமும் பயன்படுத்தினால், அது திருத்தக் குறிப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்எம்பி கோப்புகளிலிருந்து நட்சத்திர மதிப்பீடு, குறிச்சொற்கள், வெட்டு அளவு போன்றவற்றை டார்க்டேபிள் வாசித்துக்கொள்ளும். நிறத் திருத்தங்கள் அப்படியே வந்துசேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இரண்டும் படத்தை வேறு வேறு விதமாகக் கணக்கிடுகின்றன.

நிழற்பெட்டி எழுதியது:

ஓப்பன்சிஎல்லை அணைத்ததும் உறைவது நின்றுவிட்டது. பேனா அழுத்தமும் வந்துவிட்டது, விண்டோஸ் இங்க்தான் தடையாக இருந்திருக்கிறது. டார்க்டேபிளோடு ஒப்பிட்டேன், சாம்பல் நிறம் அஃபினிட்டியில் சற்றுச் சிவப்பாகத் தெரிகிறது. ஆகவே ஒளிமானி சொன்னபடி கடைசி நிறச் சரிபார்ப்பை இனி டார்க்டேபிளில்தான் செய்யப்போகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. வைனுக்கு மேம்படுத்தல் வந்தால் இவ்வளவும் மறுபடி கலைந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

முனையன் எழுதியது:

கலையலாம். அதனால் இன்றைக்கே மூன்று காரியம் செய்துவிடுங்கள்.

பிரிஃபிக்ஸ் என்பது வெறும் ஒரு கோப்புறை. நிரலை மூடிவிட்டு அதை முழுவதுமாகச் சுருக்கி வேறொரு வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது கெட்டால் அழித்துவிட்டு அதே இடத்தில், அதே பயனர் கணக்கில் விரித்தால் போதும். உரிமையாளர் மாறினால் வைன் அந்தக் கோப்புறையைத் தொட மறுக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவப் பிரிவில் விரித்து வைக்காதீர்கள். வேறு எந்த விண்டோஸ் நிரலையும் இந்தப் பிரிஃபிக்ஸுக்குள் நிறுவாதீர்கள், அதற்கு வேறொன்று உருவாக்கிக்கொள்ளலாம்.

ஏப்ட்-மார்க் கட்டளையில் ஹோல்டு என்று கொடுத்து வைன் பொதிகளை இப்போதைய பதிப்பிலேயே நிறுத்திவையுங்கள். புதிய பதிப்பைச் சோதிக்க ஆசை வந்தால் பிரிஃபிக்ஸின் நகலில் சோதியுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். அஃபினிட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் மறுபடி தொடக்கூடிய ஒவ்வொரு பழைய வேலையையும் அடுக்குகளோடு ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி வடிவிலும், இறுதி வடிவத்தை 16 பிட் டிஃப்பாகவும் ஏற்றுமதி செய்துவிடுங்கள். சில சரிக்கட்டு அடுக்குகள் பிஎஸ்டியில் சரியாகப் பிழைக்காது, அதற்குத்தான் டிஃப். 2025 அக்டோபர் 30 அன்று வந்த புதிய இலவச அஃபினிட்டியும் விண்டோஸ், மேக் இரண்டுக்கு மட்டுமே வந்தது. ஆகையால் உங்கள் அஃபினிட்டி கோப்புகளை லினக்ஸில் திறக்கும் வழி இப்போதைக்கு நீங்கள் அமைத்திருக்கும் இந்தப் பிரிஃபிக்ஸ்தான். ஏற்றுமதி செய்ததில் ஒன்றிரண்டைக் கிம்ப் 3.0இல் திறந்து, அடுக்குகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்தபின் மற்றவற்றைத் தொகுதியாக ஓடவிடுங்கள்.