கவுட் (ரத்தத்தில யூரிக் அசிட் கூடி மூட்டு வீங்குற வருத்தம்), கட்டைவிரல் வீக்கம், பாதியில நின்ற மாத்திரை: நீங்க பார்த்ததை எழுதுங்க

டிஸ்பென்சரி, ஹட்டன் பக்கம்

தேயிலைத் தோட்டத்தில கவ்வாத்து வெட்டுற ஆள், வயசு நாப்பதுக்குள்ள. யூரிக் அசிட்டை இறக்குற அலோபியூரினோல் மாத்திரை 100 மி.கி. தொடங்கி மூணாவது கிழமை, ராத்திரி ரெண்டு மணிக்கு மறுபடியும் அதே கால் கட்டைவிரல். கம்பளி நுனி பட்டாலே அலறியிருக்கார். விடிஞ்சதும் மிச்ச மாத்திரையெல்லாம் அடுப்புக்குள்ள போயிருச்சு. "இந்த மாத்திரைதானேங்கய்யா வருத்தத்தைக் கிளப்பிச்சு?"

அவர் சொன்னதில பாதி சரி. அதனாலதான் இன்னும் உறுத்துது. ரத்தத்தில யூரிக் அசிட் இறங்க இறங்க, மூட்டுக்குள்ள வருசக்கணக்கா படிஞ்சிருந்த யூரிக் அசிட் பளிங்கு கரைஞ்சு கழருது. கழர்ற நேரம் வீங்கும். அதுக்குத்தான் கொல்சிசின் 0.5 மி.கி. தினம் ஒண்ணு, மூணு மாசத்திலிருந்து ஆறு மாசம் வரைக்கும் சேர்த்துக் குடுக்கிறது. அவர் கொண்டுவந்த துண்டில கொல்சிசினே இல்ல. வீங்கும்னு யாரும் வாயால சொல்லவுமில்ல.

அலோபியூரினோல் 100-ல தொடங்கி, நாலு கிழமைக்கு ஒருக்கா ரத்தம் பார்த்து, யூரிக் அசிட் (ஒரு டெசிலீட்டர் ரத்தத்துக்கு) 6 மி.கி.க்குக் கீழ வரும்வரை மாத்திரையை நூறு நூறா ஏத்தணும். காதுமடல், முழங்கையில கட்டி விழுந்தவங்களுக்கு 5-க்குக் கீழ. கிட்னி பலவீனமா இருந்தா 50-ல தொடக்கம். நடுவுல வீங்கினா நிறுத்தக்கூடாது. தோல்ல தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தா மட்டும் அந்த நிமிசமே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

லேப், பண்டாரவளை

கொழுந்து எடுக்கிற அக்கா ஒருத்தர், மாதவிடாய் நின்னு நாலு வருசம். பாதம் சிவந்து பளபளன்னு வீக்கம், பக்கத்தில அட்டை கடிச்ச தடம். யூரிக் அசிட் 5.4. "ரிப்போட் நோர்மல், கவுட் இல்ல"ன்னு பத்து நாள் அன்டிபயோட்டிக். மூணு கிழமை கழிச்சு அதே ஆளுக்கு அதே மிஷின்ல 8.1.

வீக்கம் உச்சத்தில இருக்கிறப்போ ரத்தத்தில அளவு இறங்கிக் காட்டுறதுண்டு. அந்த நேரத்து நோர்மலை நம்பி கவுட் இல்லன்னு முடிவு கட்டக்கூடாது. வீக்கம் வத்தி ரெண்டு கிழமையாவது போனபிறகு திரும்ப எடுங்க. வலியே வராத ஆளுக்கு 8 இருந்தா, அதை மட்டும் வச்சு மருந்து தொடங்க வேண்டியதுமில்ல.

தோட்டத்து நர்ஸ், மஸ்கெலியா

லேப் தம்பி, அட்டைக் கடியில கிருமி ஏறியும் அப்படித்தான் வீங்கும். அன்டிபயோட்டிக் குடுத்ததே தப்புங்கிற மாதிரி எழுதாதீங்க. நடுக்கத்தோட காய்ச்சல், ஒரே மூட்டு, அசைக்கவே முடியலன்னா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி. ஊசியால தண்ணி எடுத்து, பளிங்கு இருக்கா, கிருமி இருக்கான்னு ரெண்டையும் பார்க்கணும். ரெண்டும் ஒண்ணா இருக்கிறதும் உண்டு.

எனக்கு மறக்காதது, உப்பைச் சட்டியில வறுத்துத் துணியில கட்டி வீங்கின விரல்ல ஒத்தடம் வச்ச பாட்டி. தோல் பொசுங்கிக் கொப்புளம். "குளிர்ல வர்ற வருத்தத்துக்குச் சூடுதானே வைக்கணும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. உடம்புச் சூடு 37 பாகையில யூரிக் அசிட் 6.8 மி.கி. வரைக்கும் கரைஞ்சு நிக்கும். 30 பாகையில 4.5 தான். நுவரெலியா ராத்திரியில கால்விரல் எவ்வளவு குளிருதுன்னு தெரியும்தானே. அதனால சும்மா இருக்கிற நாளில காலுறை போடுங்க. வீங்கினபிறகு கதை வேற: ஐஸைத் துணியில சுத்தி 20 நிமிசம், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. காலைத் தலையணையில உயர்த்தி வைங்க.

மருந்துக்கடை, தலவாக்கலை

"கால்வலிக்கு டைக்குளோபெனெக் ஒரு கார்ட் குடுங்க." மாசத்துக்கு ரெண்டு தடவை வர்றவர். கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கினா பிரஷர் இருக்கு, கிரியேட்டினின் (கிட்னி எப்படின்னு காட்டுற ரத்த அளவு) அதிகம், ஹைட்ரோகுளோரோதயசைட் வேற. அந்த நீர் மாத்திரை யூரிக் அசிட்டை ஏத்தும், டைக்குளோபெனெக் கிட்னியைக் கெடுக்கும், கெட்ட கிட்னி யூரிக் அசிட்டை வெளியேத்தாது. டொக்டர்கிட்ட லொசார்டன்கிற பிரஷர் மாத்திரைக்கு மாத்தலாமான்னு கேட்கச் சொல்லி அனுப்பினோம், அது யூரிக் அசிட்டைக் கொஞ்சம் இறக்கும்.

கொல்சிசின் விசயத்தில பழைய முறை இன்னும் ஓடுது: வயித்தால போற வரைக்கும் மணிக்கு ஒண்ணு. வேண்டாம். வீக்கம் தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள்ள 1 மி.கி., ஒரு மணித்தியாலம் கழிச்சு 0.5, அன்னைக்கு அவ்வளவுதான். கிளரித்ரோமைசின் அன்டிபயோட்டிக் எடுக்கிறவங்க தொடவே கூடாது. கிட்னிக்காரங்க கேட்காம போடக்கூடாது. டைக்குளோபெனெக், கொல்சிசின் ரெண்டுமே ஒத்துக்காதவங்களுக்கு பிரெட்னிசலோன் 30 மி.கி. அஞ்சு நாள்; சீனி வருத்தக்காரருக்கு அந்த அஞ்சு நாளும் சீனி ஏறும்.

சாப்பாட்டையும் சொல்லிடுறேன். பருப்பை நிறுத்தாதீங்க, லயத்துல இருக்கிற நல்ல புரதமே அதுதான். கீரையும் அப்படியே. குறைக்கவேண்டியது ஈரல், குடல், நெத்தலிக் கருவாடு, சாளை, பியர், சாராயம், இனிப்புச் சோடா. தேத்தண்ணியால கெடுதல் இல்ல, அதில போடுற மூணு கரண்டி சீனியாலதான். மலையில கக்கூஸ் இல்லன்னு நம்ம பொம்பளைங்க மத்தியானம் வரைக்கும் ஒரு மிடறு தண்ணி குடிக்கிறதில்ல. அவங்களுக்குத் தண்ணி குடின்னு சொல்றதுக்கு முந்தி மலைக்கு ஒரு கக்கூஸ் கட்டணும். எவ்வளவு கட்டுப்பாடா சாப்பிட்டாலும் 1 மி.கி. அளவுதான் இறங்கும், 9-ல நிக்கிறவருக்கு அது பத்தாது.

டிஸ்பென்சரி, ஹட்டன் பக்கம்

கடைசி வரி சரிங்கக்கா. மீதியைக் கேட்டா எங்க ஆள் கருவாட்டை நிறுத்திட்டு மாத்திரையையும் நிறுத்திருவார்.

கிளினிக் நர்ஸ், வெலிமடை

பிலிங் காய்ச் சாறு யூரிக் அசிட்டைக் கரைக்கும்னு ஒருத்தர் வெறும் வயித்தில தினம் ஒரு கிளாஸ். ஆறாம் நாள் விக்கல், வாந்தி, சிறுநீர் நின்னுபோச்சு. பிலிங்கிலயும் காமரங்காயிலயும் ஒக்சலேட் அதிகம், அது கிட்னியில போய் அடைக்கும். குடிச்சவருக்கு விக்கல் வந்தாச்சுன்னா காத்திருக்காம 1990 அம்புலன்சுக்கு எடுங்க.

ஹட்டன் அண்ணே, உங்க கவ்வாத்துக்காரர் திரும்பத் தொடங்கினாரா?

டிஸ்பென்சரி, ஹட்டன் பக்கம்

தொடங்கினார். மாத்திரை உறையில இங்கிலீசும் சிங்களமும்தான் இருந்திச்சு. அதுக்கு மேல பேனாவால தமிழ்ல எழுதிக் குடுத்தாச்சு: "மூணாங் கிழமை வீங்கலாம். வீங்கினாலும் இதை நிறுத்தாதீங்க." இப்ப 300 மி.கி., போன ரிப்போட்ல 5.7.