புதுப்பிப்பு: 407 × 38 விவகாரம் தீர்ந்தது

மகள் போட்ட கணக்கில் 407 × 38 = 4477 என்று வருகிறது, எங்கே பிழை என்று போன வாரம் கேட்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டோம். சரியான விடை 15466.

முதல் வரியில் தவறில்லை. 7 எட்டு 56, 6 எழுதி கையில் 5. 0 எட்டு 0, கையில் இருந்த 5 சேர்த்து 5. 4 எட்டு 32. ஆக 3256. (நடுவில் இருக்கும் சுழியம்தான் வில்லன் என்று நான் சந்தேகப்பட்டேன். பாவம், அது நிரபராதி.)

இரண்டாம் வரியில்தான் கோளாறு. 38-இல் உள்ள 3 உண்மையில் 30. ஒன்றாம் இடத்தில் முதலில் 0 போட்டு 12210 என்று எழுதியிருக்க வேண்டும். அவள் 1221-ஐ நேராக வலது ஓரத்தில் ஒட்டிவிட்டாள்.

இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் சரிபார்க்கச் சொன்னவர்களுக்கு (பெருக்கும் எண்கள் இரண்டையும் ஒன்பதால் வகுத்து வரும் மீதிகளைப் பெருக்கினால், அது விடையின் மீதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை; மீதியை இலக்கங்களின் கூட்டுத்தொகையிலிருந்தே எடுக்கலாம்): பார்த்தேன், பிழை மாட்டவில்லை! 4477, 15466 இரண்டுக்கும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 22, ஆக மீதியும் ஒன்றே. பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி 1; ஒரு எண்ணைப் பத்தால் பெருக்கினாலும் அதன் மீதி மாறாது என்பதால், விட்டுப்போன சுழியம் இந்தச் சோதனைக்குத் தெரியவே தெரியாது.

இப்போது பெருக்கும் முன்பே 400 × 40 = 16000 என்று, விடை ஏறக்குறைய எவ்வளவு வரவேண்டும் என்பதை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறாள்.