வீடு முழுக்க எல்இடி, ஆனாலும் பில் 640 யூனிட்: எங்கே போகிறது கரண்ட்?

பனங்காட்டுக்காரி, கொழிஞ்சாம்பாறை:
வணக்கம். கேரள மின்வாரிய (கேஎஸ்இபி) இணைப்பு, சிங்கிள் பேஸ். ரெண்டு மாத பில் எப்போதும் 430 யூனிட்டை ஒட்டித்தான் வரும். மழைக்காலத்துக்கு அப்புறம் வந்த பில் 640. தொகையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஏசி கிடையாது. ஃபிரிட்ஜ், நாலு ஃபேன், டிவி, கிரைண்டர், வாஷிங் மெஷின், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அரை எச்பி மோட்டார், அவ்வளவுதான். பல்பு எல்லாம் 9 வாட் எல்இடி. குளிக்கச் சுடுதண்ணீர் சோலாரில் வருவதால் அந்தச் செலவும் இல்லை.

பில் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கெடுபிடி. இருட்டிய பிறகும் மாமியார் லைட் போட விடுவதில்லை. பள்ளியில் கொடுத்த ‘மின்சாரம் சேமிப்போம்’ ஸ்டிக்கரை மகள் எல்லா சுவிட்ச் போர்டிலும் ஒட்டிவிட்டாள். போன் சார்ஜரைப் பிளக்கில் விட்டதற்காக வீட்டுக்காரருக்கும் எனக்கும் நேற்று வாய்ச்சண்டை. இவ்வளவுக்கும் பிறகு அடுத்த பில்லும் ஏறக்குறைய அதேதான். மீட்டர் பழுதாக இருக்குமா?

ஆனைமலைக் காற்று, பொள்ளாச்சி:
மீட்டர்தான் அக்கா, சந்தேகமே வேண்டாம். புது மீட்டர் எல்லாம் குதிரை வேகத்தில் ஓடுகிறது என்று ஊரே பேசுகிறது. எங்கள் பக்கம் வந்துவிடுங்கள், ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் :)

வயர்மேன், நடுப்புணி:
தம்பி, 2016லிருந்து கிடைக்கிற அந்த 100 யூனிட்டைச் சொல்கிறீர்கள், சரி. 500 யூனிட்டைத் தாண்டினால் உங்களுக்கும் கட்டண அடுக்கே மாறிவிடும், அதையும் சொல்லுங்கள். கேரளத்தில் அது இன்னும் கடுமை. மாதம் 250 யூனிட், அதாவது ரெண்டு மாதத்துக்கு 500 வரை படிப்படியான விலை. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. அக்காவுக்கு யூனிட் பாதிதான் கூடியிருக்கிறது, தொகை ஏன் அதைவிட எகிறியது என்றால் இதனால்தான்.

மீட்டர் மேல் சந்தேகம் என்றால் செக்‌ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். ஆனால் அது கடைசி வேலை. முதலில் மெயினை ஆஃப் செய்து பாருங்கள். மெயினுக்குப் பிறகு ஒன்றும் ஓடாதபோது மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னக் கூடாது. மின்னவில்லை என்றால், யூனிட் உங்கள் வீட்டுக்குள்தான் செலவாகிறது.

பசுமை வீடு, பாலக்காடு:
இந்த அலசல் எல்லாம் எதற்கு? மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் போட்டுவிடுங்கள். பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். இயற்கைக்கும் நல்லது, பில்லும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

வயர்மேன், நடுப்புணி:
பேனல் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் போட்டால், பேனல் தருவதில் ஒரு பங்கு அந்த ஓட்டைக்கே தீனி. சொந்தக் கரண்ட் தானே என்று பிறகு யாரும் தேடவும் மாட்டார்கள்.

சார்ஜர் சண்டையை இன்றோடு நிறுத்துங்கள் அக்கா. போன் மாட்டாத சார்ஜர் ரெண்டு மாதம் முழுக்கப் பிளக்கிலேயே இருந்தாலும் ஒரு யூனிட் வராது. 9 வாட் பல்பு ஒன்றை தினமும் ஆறு மணி நேரம் வீணாக எரியவிட்டால் ரெண்டு மாதத்துக்கு மூணேகால் யூனிட். உங்களிடம் கூடியிருப்பது 210 யூனிட். பல்பிலும் சார்ஜரிலும் இதைப் பிடிக்கவே முடியாது. சூடாக்குகிற சாமான் ஏதோ ஒன்று ஓடுகிறது, இல்லையென்றால் மோட்டார் வயரில் எர்த் கசிவு, அதாவது கரண்ட் மண்ணுக்கு ஒழுகுவது.

உங்கள் சோலார் ஹீட்டர் எத்தனை லிட்டர்? அதில் கரண்ட் காயில் உண்டா?

பனங்காட்டுக்காரி, கொழிஞ்சாம்பாறை:
மெயினை ஆஃப் செய்தேன், விளக்கு மின்னவில்லை. மத்தியானம் ஆன் செய்து பார்த்தால் ஃபிரிட்ஜ் மட்டும்தான் ஓடுகிறது, பத்து வினாடிக்கு ஒரு தடவை மின்னுகிறது. மோட்டார் லைனின் எம்சிபியை (போர்டில் இருக்கிற தனி பிரேக்கர் சுவிட்ச்) போட்டாலும் இறக்கினாலும் வித்தியாசம் இல்லை. ஹீட்டர் 200 லிட்டர், கண்ணாடிக் குழாய் வகை. மழை நாளுக்கு என்று உள்ளே காயில் இருப்பதாக வீட்டுக்காரர் சொல்கிறார். ஆனால் அதை யாரும் போடுவதே இல்லையே.

வயர்மேன், நடுப்புணி:
மத்தியானம் பார்த்தால் தெரியாது. வெயில் தண்ணீரைக் காய்ச்சி வைத்திருக்கும், தெர்மோஸ்டாட் தானாகவே காயிலை நிறுத்தியிருக்கும். சாயங்காலம் எல்லாரும் குளித்த பிறகு மீட்டர் முன்னால் நில்லுங்கள். மீட்டரில் 3200 இம்பல்ஸ் என்று போட்டிருந்தால், 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். 2000 வாட் காயில் ஓடினால் விளக்கு நாலு வினாடிக்கு ஏழு தடவை வெட்டும். பார்த்தாலே தெரிந்துவிடும்.

பனங்காட்டுக்காரி, கொழிஞ்சாம்பாறை:
நீங்கள் சொன்னதுதான் அண்ணா! ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்தேன். விளக்கு படபடவென்று வெட்டுகிறது, எண்ணவே முடியவில்லை. எம்சிபியை ஒவ்வொன்றாக இறக்கினோம். மாடிக்குப் போகிறதை இறக்கியதும் அடங்கிவிட்டது. வீட்டுக்காரர் டார்ச்சோடு மேலே போனார். தொட்டிக்குப் பின்னால், பழைய பெயின்ட் டப்பாக்களுக்கு மறைவில் ஒரு சுவிட்ச் பெட்டி. சுவிட்ச் ஆனில் இருக்கிறது, பக்கத்து இண்டிகேட்டர் ஃப்யூஸ் போய்க் கிடக்கிறது. ஜூன் மாதம் குழாயைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் சோதித்துப் பார்க்கப் போட்டுவிட்டு அப்படியே போயிருக்க வேண்டும். அதுசரி, பாதித் தண்ணீர்தானே காலி ஆகிறது, அதற்கா இவ்வளவு?

வயர்மேன், நடுப்புணி:
கணக்குப் போட்டுப் பாருங்கள். ராத்திரி 100 லிட்டர் செலவாகிறது, அதே அளவு பச்சைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. 100 லிட்டரை 30 டிகிரி ஏற்ற மூன்றரை யூனிட் வேண்டும். அறுபது நாளுக்கு 210. உங்கள் பில்லில் கூடியதும் அதேதான்.

இதில் இன்னொரு கூத்து, காலையில் சூரியன் வரும்போது தண்ணீர் ஏற்கெனவே நல்ல சூட்டில் இருக்கிறது. அதற்குச் செய்ய வேலையே இல்லை. அதாவது நாலைந்து மாதமாக மாடியில் இருந்தது சோலார் ஹீட்டர் அல்ல, 200 லிட்டர் கீசர். சோலார் வைத்திருக்கிற வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். சோலார் ஆயிற்றே என்று அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பல்பைத்தான் விரட்டுகிறார்கள்.

ஆனைமலைக் காற்று, பொள்ளாச்சி:
அண்ணா, மீட்டர் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் :) அப்போது ஃபேனை அணைப்பதும் வேஸ்ட்தானா?

வயர்மேன், நடுப்புணி:
ஃபேன் அப்படி இல்லை. பழைய ஃபேன் 75 வாட். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ரெண்டு மாதத்துக்கு 54 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கிற 30 வாட் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் என்றால் 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். நாலும் பழையது என்றால் அதிகம் ஓடுகிற ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் போதும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

பனங்காட்டுக்காரி, கொழிஞ்சாம்பாறை:
சுவிட்சை ஆஃப் செய்துவிட்டோம். ஆனால் காலையில் தண்ணீர் முன்பு மாதிரி சூடு இல்லை, வெதுவெதுப்புதான். மாமியாருக்கு மூட்டு வலி, சூடாகத்தான் வேண்டும். திரும்பப் போடச் சொல்கிறார். நல்ல வெயில் அடிக்கிற ஊரில் ஏன் இப்படி?

வயர்மேன், நடுப்புணி:
உங்கள் பக்கம் போர் தண்ணீர்தானே? உப்புப் படிந்திருக்கும். குழாய்க்குள் வெள்ளையாகப் பொருக்குக் கட்டினால் வெயிலின் சூடு தண்ணீருக்கு முழுதாக இறங்காது. குழாயின் வெளிப்பக்கத் தூசியையும் துடையுங்கள். இந்த முறை சுத்தம் செய்ய வருகிறவர்களிடம் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியம் ராடையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். அதுவரை தேவைப்பட்டால் விடியற்காலையில் அரை மணி நேரம் மட்டும் காயிலைப் போடலாம், ஒரு யூனிட்தான் ஆகும். சுவிட்சை மாடியிலிருந்து பாத்ரூம் வாசலுக்கு இறக்கி, நல்ல இண்டிகேட்டரும் டைமரும் வைக்கச் சொல்லுங்கள். அந்த லைனுக்கு இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாக லைனை வெட்டிவிடும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் நனைகிற பெட்டி அது.