ஒருகண் துயிலா, பாதிமூளைத் துயிலா?

நண்பர்களுக்கு வணக்கம். மூளையில் ஒரு பாதி மட்டும் தூங்குவதற்கு (ஆங்கிலத்தில் unihemispheric slow-wave sleep) படகுக்காரருக்கும் புரியும் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது. > குறியிட்டவை நீங்கள் எழுதியவை.

> படகுத்துறைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்து தூங்கும் வாத்துகளில் ஓரத்து வாத்து மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. மூளையில் பாதி தூங்க, மறுபாதி விழித்திருக்குமாம். ‘ஓரரைக்கோள மெதுவலைத் தூக்கம்’ என்று மொழிபெயர்த்துப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை.

நுழையாதுதான். அதோடு, படகோட்டிகளிடம் போய் அரைக்கோளம் என்றால் வட அரைக்கோளமா தென் அரைக்கோளமா என்றுதான் கேட்பார்கள்.

நீங்கள் பார்த்ததை ஏற்கெனவே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1999இல் தூக்க ஆய்வாளர் நீல்ஸ் ராட்டன்போர்க் குழுவினர் வாத்துகளை நான்கு நான்காக வரிசையில் வைத்து, தூங்கும்போது மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். நடுவில் இருந்தவற்றைவிட ஓரத்து வாத்துகள் இரண்டரை மடங்கு அதிகமாக இப்படித் தூங்கின. திறந்த கண் பெரும்பாலும் கூட்டத்துக்கு வெளிப்பக்கம் பார்த்தது. பறவைகளுக்குக் கண் நரம்புகள் ஏறக்குறைய முழுதும் குறுக்காக மாறிப் போவதால், இடக்கண் திறந்திருந்தால் விழித்திருப்பது வலப்பாதி மூளை.

> அப்படியானால் ‘ஒருகண் துயில்’ போதுமே? குழந்தைக்கும் புரியும்.

எனக்கும் பிடித்த சொல்தான். கொல்லைப்புறக் கோழிக்குஞ்சுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் கடலுக்குள் போனால் இடிக்கிறது. பழைய போர்க்கப்பல் வகை ஒன்றின் பெயரைச் சுமக்கும் ஃப்ரிகேட் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். கலாபகஸ் தீவுகளில் அவற்றின் தலையில் சிறு பதிவுக்கருவி பொருத்திப் பார்த்த முடிவுகள் 2016இல் வந்தன. பத்து நாள் வரை இறங்காமல் பறந்தவை, ஒரு நாளைக்குச் சராசரி 42 நிமிடம்தான் தூங்கின. கரையில் இருக்கும்போது 12 மணி நேரத்துக்கு மேல்! வானில் தூங்கியபோது சில நேரம் மூளையில் பாதி, சில நேரம் முழு மூளையுமே தூங்கியது. இதையெல்லாம் சொன்னது மூளை அலை, கண் அல்ல.

மனிதரிடமும் இதன் சாயல் உண்டு. புது இடத்தில் முதல் நாள் இரவு நம் இடப்பாதி மூளை கொஞ்சம் இலேசாகத் தூங்குகிறது என்று 2016இல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது. புதிய இடத்தில் நங்கூரம் போட்ட முதல் இரவு எனக்குத் தூக்கம் பிடித்ததே இல்லை, சங்கிலி ‘கிரக்’ என்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கண்ணை எவ்வளவு இறுக மூடியிருந்தாலும் அப்படித்தான். இதை ஒருகண் துயிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது.

> ‘அறிதுயில்’ என்ற அழகான சொல் இருக்கும்போது ஏன் அலைகிறோம்? கடல்மேல் பள்ளிகொண்டவனின் தூக்கம். படகுக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மனவசிய நிலைக்கு அந்தச் சொல்லைப் பலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள். அதோடு, எல்லாம் அறிந்தபடி முழுதாகத் துயில்வது அறிதுயில். வாத்து பாதிதான் அறிகிறது.

‘காவல்துயில்’ என்று இன்னொருவர் தனிமடலில் எழுதியிருந்தார். காதுக்கு இனிமை. ஆனால் அது காரணத்தைப் பெயருக்குள் திணிக்கிறது. டால்பினும் இப்படித் தூங்குகிறது, அது மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். காவல் மட்டுமே காரணம் என்று பெயரிலேயே முடிவு கட்டக் கூடாது. ‘ஒருபுறத் துயில்’ என்றால் ஒருக்களித்துப் படுப்பது என்று நினைப்பார்கள். ‘அரைமூளைத் துயில்’? வேண்டாம், வசவு மாதிரி இருக்கிறது.

ஆக என் ஓட்டு ‘பாதிமூளைத் துயில்’. வெறும் ‘பாதித் தூக்கம்’ என்றால் நடுவில் கலைந்த தூக்கம் ஆகிவிடும், இடையில் மூளை வந்ததும் அந்தக் குழப்பம் இல்லை. ‘ஒருகண் துயில்’ என்பதைத் தூக்கிப் போட வேண்டாம். துறையில் நின்று நாம் கண்ணால் பார்ப்பதற்கு அது, கருவி காட்டுவதற்கு இது. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், ஆனாலும் ஒன்றல்ல.

தனியாகப் பாய்மரப் படகில் போகிறவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி வைத்து எழுவதையும் இதில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. அடிவானத்தில் தலைகாட்டும் பெரிய கப்பல் அந்த நேரத்துக்குள் பக்கத்தில் வந்துவிடக்கூடும் என்ற கணக்கில் போடுகிற குட்டித் தூக்கம் அது, முழு மூளையும் தூங்குகிறது. 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆவது, எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிக்கச் சொல்கிறது. அந்த விதியை நேர்மையாகக் கடைப்பிடிக்க வாத்தால்தான் முடியும்! மனிதர் போடுவதற்குக் ‘கோழித்தூக்கம்’ என்று நம் பேச்சிலேயே சொல் இருக்கிறது. கோழி கோபித்துக்கொள்ளலாம், அதன் குஞ்சுகூட ஒரு கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறதே.

அப்புறம் ஒன்று பாக்கி. ஓரத்து வாத்து அவ்வப்போது எழுந்து, உடம்பைத் திருப்பி உட்கார்ந்து, மற்றக் கண்ணை வெளிப்பக்கம் வைத்துக்கொள்ளும். அதுவரை விழித்திருந்த பாதி இப்போது தூங்கும். இதற்குக் கப்பல்காரர்கள் சொல்லும் ‘காவல் மாற்றம்’ என்பதையே வைக்கலாம் என்று நினைக்கிறேன். காரணத்தைப் பெயரில் திணிக்காதே என்று மேலே சொன்ன நானே இப்படிக் கேட்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்.