டைனோ ரன்னுக்குப் பிறகு முழு ஸ்டியரிங் திருப்பினால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது. சென்டர் டிஃப் (முன், பின் சக்கரங்களுக்குப் பவரைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்) போய்விட்டதா?

வளைவுக்காரன்:
வண்டி சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், 5 கியர் மேனுவல். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மேப் மாற்றிய பிறகு பவர் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்க டைனோவில் (சக்கரங்களை ரோலர் மேல் ஓட்டிப் பவர் அளக்கும் இயந்திரம்) ஏற்றினோம். முன்னும் பின்னும் ரோலர் உள்ள டைனோதான். நாலாவது கியரில் வரிசையாகப் பல ரன் எடுத்தார்கள். கடைசி ரன்களில் கீழே இருந்து எண்ணெய் சூடான வாடை வந்தது. "புதுசாக ஏறும் வண்டிக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

அன்று ஓட்டிவரும்போது ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பிரச்சினை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தினால் யாரோ பிரேக்கை மிதித்துப் பிடித்ததுபோல் வண்டி நிற்கிறது, அப்புறம் ஒரு குதி குதித்து நகர்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இல்லை. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு வருகிறது. நேர் சாலையில் சத்தம், அதிர்வு எதுவும் இல்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. வண்டி ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்கிறார்கள் டைனோக்காரர்கள். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

நாலுகால்:
முதலில் டயர். நான்கு டயரையும் ஒரே காற்றழுத்தத்தில் வைத்து சுற்றளவை டேப்பால் அளந்து பாருங்கள். சுபாரு அனுமதிப்பது கால் அங்குலம், அதாவது 6 மிமீ சொச்சம்தான். இரண்டு டயர் மட்டும் புதுசாக மாட்டியிருந்தால் இதே குதி வரும். டைனோ மேல் பழி போடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள், காசில்லாத வேலை.

வளைவுக்காரன்:
அளந்துவிட்டேன். நான்கும் ஒரே நேரத்தில் மாட்டியவை, அதிகபட்ச வித்தியாசம் 3 மிமீ. டைனோ லாக் ஃபைலும் கையில் இருக்கிறது. அதில் முன் ரோலர், பின் ரோலர் வேகம் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. ரன்னின் மேல் முனையில் முன்னால் 140, பின்னால் 126 கிமீ. இது சாதாரணமா?

கிரீஸ்கை:
சாதாரணமே இல்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

உங்கள் கியர்பாக்ஸில் சென்டர் டிஃப் பெவல் கியர் வகை. முன்னுக்கும் பின்னுக்கும் 50:50 பிரிக்கும். அதோடு ஒரு விஸ்கஸ் கப்ளிங் சேர்ந்திருக்கிறது: மூடி சீல் செய்த டப்பா, உள்ளே ஓட்டை போட்ட தட்டுகள், கெட்டியான சிலிகான் திரவம். இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் திரவம் வெட்டுப்பட்டு எதிர்ப்பு காட்டும். அந்த எதிர்ப்பு முழுவதும் வெப்பமாகத்தான் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 140 கிமீ வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1,200 சுற்று. 10 சதவீத வித்தியாசம் என்றால் 120 சுற்று. ஃபைனல் டிரைவ் (ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவிலான கியர் விகிதம்) ஏறக்குறைய 4 என்பதால் சென்டர் டிஃப்பின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 470 சுற்று வித்தியாசம். கப்ளிங் 100 நியூட்டன் மீட்டர் தாங்கியது என்று வைத்துக்கொண்டாலும் அந்தச் சின்ன டப்பாவுக்குள் 5 கிலோவாட் வெப்பம். இரண்டு பெரிய மின் அடுப்பை உள்ளே வைத்து மூடியது போல. பார்க்கிங்கில் முழுக்க ஒடித்து 10 கிமீ வேகத்தில் போனால் அதே இடத்தில் சுமார் 50 சுற்று வித்தியாசம்தான் வரும். வடிவமைத்தது இதற்குத்தான்.

அளவுக்கு மீறிச் சூடானால் திரவம் விரிந்து டப்பாவில் மிச்சமிருக்கும் காற்றை அமுக்கிவிடும். அழுத்தம் ஏறி, தட்டுகள் ஒன்றோடொன்று உரசி, கப்ளிங் பூட்டிக்கொள்ளும். எப்போதாவது ஒருமுறை நடந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ரன் மேல் ரன் எடுத்தால் திரவமே கெட்டுவிடும். பிறகு கொஞ்சம் சூடானாலே இறுக ஆரம்பிக்கும். குளிரில் சரி, சூட்டில் குதி என்பது அதன் அச்சு அடையாளம்.

ஆனாலும் சோதிக்காமல் பாகம் வாங்க வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டி, சூடு ஆறுவதற்குள் செய்யுங்கள். சமதளம், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வீல் நடுமூடியை எடுத்தால் 32 மிமீ ஆக்ஸில் நட் தெரியும். நீளமான பார் போட்டு இறுக்கும் திசையில் மட்டும் ஒரே சீராகத் தள்ளுங்கள். நல்ல கப்ளிங் என்றால் மெதுவாக நகர்ந்து கொடுக்கும், வேகமாகத் தள்ளினால் அதிகம் எதிர்க்கும். அசையவே அடம்பிடித்தால் இறுகிவிட்டது. கையாலேயே லொடலொடவென்று சுற்றினால் திரவம் வெளியே போய்விட்டது.

நாலுகால்:
பின் டிஃப்பிலும் விஸ்கஸ் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) இருக்குமே, அது காரணமாக இருக்கக்கூடாதா?

கிரீஸ்கை:
இருக்கலாம். அதனால்தான் முன் சக்கரத்தைத் தூக்கச் சொன்னேன். பின் சக்கரத்தைத் தூக்கினால் சென்டரும் பின் எல்எஸ்டியும் சேர்ந்து தடுக்கும், எது குற்றவாளி என்று பிரிக்க முடியாது. முன் டிஃப் ஓப்பன் (அப்படிப்பட்ட தடுப்பு எதுவும் இல்லாதது) என்பதால் அங்கே சென்டர் மட்டும்தான் பேசும்.

இன்னொன்று, இதைப் படிக்கும் யாரும் இன்ஜினை ஓட்டிக்கொண்டு ஒரு ஆக்ஸிலை மட்டும் தூக்கிக் கியர் போட்டுப் பார்க்காதீர்கள். தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

டர்போப்பித்தன்:
அடுத்த முறை ப்ராப்பெல்லர் ஷாஃப்டை (பின் சக்கரங்களுக்குப் பவர் கொண்டுபோகும் தண்டு) கழற்றிவிட்டு சாதாரண 2 சக்கர டைனோவிலேயே ஓட்டலாமே? ஸ்கைலைன் ஆர்32 ஜிடிஆர் வைத்திருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

கிரீஸ்கை:
தயவுசெய்து வேண்டாம் தம்பி. ஜிடிஆரில் பின் சக்கரங்களுக்கு நேரடி டிரைவ். முன்னால் போவதை ஒரு பல்தட்டு கிளட்ச் தேவைப்படும்போது மட்டும் இணைக்கும். முன் ஷாஃப்டைக் கழற்றினால் அது பின் சக்கர வண்டி, அவ்வளவுதான். இங்கே சென்டர் டிஃப்பின் ஒரு பக்கத்தை விடுவித்தால் அந்தப் பக்கம்தான் சும்மா சுழலும். முன் சக்கரத்துக்கு முறுக்குவிசை போக வேண்டுமென்றால் விஸ்கஸ் கப்ளிங் ஒன்றே தாங்க வேண்டும். இவருக்குப் பல ரன்னில் நடந்தது உங்களுக்கு முதல் ரன்னிலேயே நடக்கும். பழைய ஆட்டோமேட்டிக் சுபாருகளில் முன் சக்கர டிரைவுக்கு மாற்ற ஃப்யூஸ் இடம் ஒன்று உண்டு. மேனுவலில் அந்த வசதி கிடையாது.

வளைவுக்காரன்:
சோதித்தேன் அண்ணே. குளிர்ந்த நிலையில் மெதுவாக நகர்ந்தது. ஓட்டிவிட்டு வந்து தள்ளியபோது பார் வளைகிற அளவுக்கு அழுத்தினாலும் அசையவில்லை, பிறகு டக்கென்று கொஞ்சம் விட்டது. கியர்பாக்ஸை முழுக்க இறக்க வேண்டுமா?

கிரீஸ்கை:
சென்டர்தான், சந்தேகமில்லை. முழுக்க இறக்க வேண்டாம். சென்டர் டிஃப் கியர்பாக்ஸின் வால்பக்க உறைக்குள் இருக்கிறது. ப்ராப்பெல்லர் ஷாஃப்டை எடுத்து, வால் உறையைக் கழற்றினால் வண்டியின் கீழிருந்தே மாற்றிவிடலாம். கப்ளிங்கைப் பிரித்துப் பழுது பார்க்க வழியில்லை, டிஃப்போடு சேர்த்து ஒரே பாகமாகத்தான் மாற்ற வேண்டும். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) தடிப்பை மட்டும் அளக்காமல் மூடாதீர்கள், பழைய ஷிம்மை அப்படியே போட்டுச் சத்தம் வாங்கியவர்கள் உண்டு.

இந்த கியர்பாக்ஸில் முன் டிஃப்பும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது. வடித்ததைத் தூக்கி எறியாதீர்கள். வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். வடிப்பு பிளக்கின் காந்தத்தில் பசை போல ஒட்டுவது இயல்பான தேய்மானம், செதில் செதிலாக இருந்தால் பேரிங்கையும் திறக்க வேண்டும். பின் டிஃப் எண்ணெயையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள், ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது.

நாலுகால்:
பணம் யார் தருவது என்பதற்கு லாக் ஃபைல்தான் உங்கள் ஆதாரம். அசல் ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு நகல் மட்டும் அனுப்புங்கள். "ஏற்கெனவே தேய்ந்தது" என்பவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: முன் பின் ரோலர்களை இணைக்கும் பெல்ட்டோ ஷாஃப்டோ அன்று பூட்டப்பட்டிருந்ததா? பூட்டியிருந்தால் 14 கிமீ வித்தியாசம் எப்படி வந்தது? எழுத்தில் பதில் வாங்குங்கள். பழைய டிஃப்பையும் அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

டர்போப்பித்தன்:
அப்போ ஹப் டைனோ (சக்கரத்தைக் கழற்றி ஹப்பிலேயே நேராக மாட்டுவது) என்றால் கவலையே இல்லையா?

கிரீஸ்கை:
டயர் வழுக்கல் என்ற ஒரு தொல்லை ஒழியும். ஆனால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஓடும்படி கட்டுப்படுத்துவது அங்கேயும் அவர்கள் வேலைதான். எந்த டைனோவானாலும் முதல் ரன்னைப் பாதி த்ராட்டிலில் ஓட்டச் சொல்லி, இரண்டு வேகத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் பிரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரன்னுக்கு ரன் ஆற விடுங்கள். பானெட் முன்னால் வைக்கும் விசிறிக் காற்று சென்டர் டிஃப் வரைக்கும் எட்டாது.